டேப்பக்கா குனியும் வாசல்கள்

அடுத்த தெரு வங்கியின் கண்ணாடிக் கதவு யானையே நுழையலாம் என்கிற உயரம். அதற்கும் குனிந்துதான் நுழைகிறார் டேப்பக்கா. ரயில் நிலையமோ, ஆஸ்பத்திரியோ, சினிமாக் கொட்டகையோ, எந்த வாசலானாலும் சரி. நெருங்கும்போதே கழுத்து முன்னால் நீண்டு, தோள்கள் ஒடுங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உள்ளே போனதும் நிமிர்ந்துகொள்வார். தலைக்கு மேல் இன்னோர் ஆள் நிற்க இடம் இருந்ததா என்று அண்ணாந்து பார்ப்பதெல்லாம் கிடையாது. தனக்குத்தான் இவ்வளவு மரியாதை என்று நினைத்த வங்கிக் காவலாளி, ஆரம்பத்தில் பதிலுக்குக் குனிந்துகொண்டிருந்தாராம். விஷயம் தெரிந்த பிறகு நிறுத்த அவருக்குச் சங்கடமாக இருந்தது. இப்போதும் இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்துகொள்கிறார்கள்.

டேப்பக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உயரம் ஆறடியைத் தொட்டும் தொடாமலும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடைகளும், சுருக்கவோ பிரிக்கவோ வேண்டிய பெரியவர்களின் துணிகளும்தான் பிழைப்பு. கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். பெயரை வைத்தவர்கள் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளைகள். சொந்தப் பெயர் இப்போது சொந்தக்காரர்களுக்கே மறந்துவிட்டது. பழைய சட்டையை நீட்டி இதே அளவுக்குத் தையுங்கள் என்றால், அதை வாங்கி மேசை ஓரம் போட்டுவிட்டு ஆளைத் திரும்ப அளப்பார். "கண்ணளவெல்லாம் இந்தக் கடையில செல்லாது" என்பது அங்கே சட்டம். பேசிக்கொண்டிருக்கும்போதும் கை சும்மா இராது. மேசை விளிம்பு, செய்தித்தாள், நாம் கொண்டுபோன குடை என்று எதையாவது அளந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கடை நாயின் வாலைக்கூட அளந்து வைத்திருக்கிறார். கேட்டால், வளர்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்கிறார்.

நான் அவருடைய நிரந்தர வாடிக்கையாளன். என்னைப் படைத்தபோது கடவுளிடம் துணி தட்டுப்பாடு போலிருக்கிறது. எந்தப் பேண்ட் வாங்கினாலும் காலில் ஒரு சாண் வெட்டியாக வேண்டும். வெட்டிய துண்டுகளை டேப்பக்கா வீணாக்குவதில்லை. "உங்க மிச்சத்துலயே ஒரு சின்னக் குழந்தைக்கு டிராயர் தச்சிடலாம் சார்" என்று ஒருமுறை சொன்னார். சொன்னதோடு விடாமல் தைத்தும்விட்டார். கடை வாசலில் அது தொங்கிய நாட்களில் நான் எதிர்ச் சாரியில் நடந்தேன்.

இப்படி அளவே உயிராக இருக்கும் மனுஷி வளர்ந்த வீட்டில் அளவுகோல் என்ற ஒன்றே கிடையாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சனி, ஞாயிறு மதியங்களில் கடை பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் டேப்பக்கா ஊர் எல்லையில் இருக்கும் தன் வீட்டை, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார். அப்பா மண்ணிலும் மரத்திலும் வேலை செய்த கலைஞர். அம்மா தறி போட்டு நெய்தவர். இருவருக்கும் வெளியே நல்ல பேர். வீட்டை இருவருமே கட்டினார்கள். சுவர், கதவு, நாற்காலி, தட்டு, கரண்டி, கதவின் கொண்டி வரை எல்லாம் அவர்கள் கைவேலை. அவர்கள் காலத்துக்குப் பிறகு கூரையைப் பராமரித்து மாளாமல் டேப்பக்கா அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் கடைசி வரை அங்கேயே இருக்கலாம், எதை மாற்றினாலும் அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது பேச்சு.

எனக்குக் கலைஞர்களின் வீட்டைப் பார்க்கப் போவதில் பெரிய ஆசை கிடையாது. எங்கே போனாலும் ஒரு மூக்குக்கண்ணாடி, மூடி போடாத ஒரு பேனா, யாரும் உட்காராத ஒரு நாற்காலி, பக்கத்தில் தொடாதீர்கள் என்று ஓர் அட்டை. என் பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாததால் போனேன்.

வாசலிலேயே எச்சரிக்கை வந்தது. "தலை பத்திரம். இடிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல." எங்களோடு வந்த ஒரு வாலிபர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போய் நங்கென்று இடித்துக்கொண்டார். டேப்பக்கா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆறுதலாகத் தன் நெற்றித் தழும்புகளைக் காட்டினார். "இது அப்பா வச்ச வாசல் நிலை. இது அம்மா வச்ச நிலை. இது யார் வச்சதுன்னு ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல."

நான் இடித்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் எதுவும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. கதவின் கைப்பிடி என் கைக்கு நேராக இருந்தது. அலமாரியின் மேல்தட்டு எட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தேன், இரண்டு பாதங்களும் தரையில் பட்டன. சிரிக்காதீர்கள். அது எப்பேர்ப்பட்ட சுகம் என்பது என் உயரத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தம்பதியும் குள்ளம்தானாம். எல்லாவற்றையும் தங்கள் உடம்பை வைத்தே அளந்தார்கள். சாண், முழம், விரற்கடை, நின்றால் தலை, கை தூக்கினால் விரல் நுனி. கைதான் இருக்கிறதே, டேப் எதற்கு என்று அப்பா கேட்பாராம்.

அதன் விளைவை அடுக்களையில் காட்டினார் டேப்பக்கா. சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. ஒரு முனையின் உயரத்தை அப்பா தன் முழத்தால் அளந்து பொருத்தினார், மறுமுனையை அம்மா தன் முழத்தால். டேப்பக்கா ஓர் உருளைக்கிழங்கை எடுத்து அப்பா முனையில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டு பலகை முழுவதையும் கடந்து அம்மா முனையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் கைதட்டினார்கள். "எதை வச்சாலும் அம்மாகிட்டதான் போகும்" என்றார் டேப்பக்கா. ஒவ்வொரு வாரமும் அவர் இதைச் செய்கிறார் என்பது அந்தக் கிழங்கின் தோலைப் பார்த்தாலே தெரிந்தது.

பட்டறை பெரியது. ஒரு பக்கம் தறி, மறுபக்கம் சக்கரமும் மர வேலை மேசையும். வேலை செய்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்படி போட்டிருந்தார்கள். சுவரோரம் ஒரே மாதிரி இரண்டு பெஞ்சுகள் இருந்தன. இரண்டின் முனைகளிலும் சதுரமாகத் துளைகள் குடைந்திருந்தன. உட்காரும் பெஞ்சுக்கு இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஏதோ கதவுக்கென்று அப்பா செய்தது, சரியாக வராததால் பெஞ்சாக்கிவிட்டார் என்றார் டேப்பக்கா. "அவர் செஞ்ச தப்பு எல்லாமே உக்காரத்தான் ஆகும்."

அடுக்களையின் கோடியில் அம்மா நெய்த கனத்த திரை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் என்ன என்று ஒரு பெண்மணி கேட்டார். ஸ்டோர் ரூம் என்று சொல்லிவிட்டு டேப்பக்கா எல்லோரையும் வாசலுக்குத் திருப்பினார். அவர் குரல் அந்த ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தது.

அன்று மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் காரில் போய்விட்டார்கள். நான் பேருந்துக்காரன், மாட்டிக்கொண்டேன். டீ போடுகிறேன் என்று டேப்பக்கா அந்தத் திரையை ஒதுக்கினார். உள்ளே இருந்தது அவருடைய அறை.

அந்த வீட்டிலிருந்து வந்து அங்கே நுழைந்தால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய நேரான சுவர். சிமெண்ட் தரை. கடையில் வாங்கிய ஜன்னல், கடையில் வாங்கிய கதவு. இரும்புக் கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டவ். வீடெங்கும் மண்ணிலும் மரத்திலும் பார்த்த விரல் தடம் இங்கே ஒன்றுகூட இல்லை. கதவு நல்ல உயரம். அதற்கும் டேப்பக்கா குனிந்துதான் நுழைந்தார். நான் பார்த்தேன், பார்த்ததோடு சரி, யோசிக்கவில்லை.

டீ கொதித்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். அவருக்கு ஏழு வயதில் கட்டிய அறை. ஒரு கொத்தனார் வந்தார், மளமளவென்று கட்டினார், போனார். அம்மா ஒரு திரையை நெய்து மாட்டினார். விருந்தினர் வந்தால் திரையை இழுத்துவிடுவார்கள். இந்த வீட்டில் எங்கள் இருவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை என்று அப்பா வந்தவர்களிடம் சொல்வதை, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஒரு கரண்டிகூட கடையில வாங்க மாட்டாங்க சார். காப்பி டம்ளருக்கு மண்ண நாலு நாள் மிதிப்பாரு. எனக்கு ரூம்னு வந்தப்போ மட்டும் ஆள் வச்சுக் கட்டிட்டாங்க. சரி, அவங்களுக்கு அவ்ளோதான் நேரம் இருந்துச்சுன்னு நெனச்சுக்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் அவர் நீட்டிய டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் மண்பொம்மை செய்து கொடுத்தாராம். அப்படிப்பட்ட மனிதர் பெற்ற பெண்ணுக்கு ஒரு சுவர் வைக்கச் சோம்பினாரா என்று செத்துப்போன ஒருவர் மேல் கோபம் கோபமாக வந்தது. நல்ல கலைஞர்கள் நல்ல பெற்றோராகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லைதான். ஆனாலும்.

அதற்குப் பிறகு ஒரு சேதி சொன்னார். வீட்டை அந்தத் தம்பதி கட்டியபடியே மீட்டு வைப்பது என்று அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. நடுவில் போட்ட குழாய்கள், மின்கம்பிகள் எல்லாம் மறைக்கப்படும். இந்த அறை இடிக்கப்படும். இது அவர்கள் கைவேலை இல்லையே. இவர் சம்மதித்தால் போதும், வேலை தொடங்கிவிடும். கடை மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றார்.

சம்மதிக்கப்போகிறீர்களா என்று கேட்டேன். டேப்பை எடுத்து மெஷினின் விளிம்பை அளந்தார். "அவங்க சொல்றது நியாயந்தானே சார். இந்த வீட்டுக்கு இது ஒட்டல. நானும் ஒட்டல. ரெண்டையும் சேத்து எடுத்துட்டா பாக்க லட்சணமா இருக்கும்." அவர் வாயிலிருந்து வேடிக்கையாக வராத பேச்சு அது ஒன்றைத்தான் நான் கேட்டிருக்கிறேன். தான் இங்கே ஒட்டாதவள் என்று ஏழு வயதிலிருந்து மனதில் கிடந்ததற்கு இப்போது அவரே சரி என்று சொல்லிவிடப்போகிறார் என்பது புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பேண்டுக்குக் கால் வெட்டிக்கொள்ளும் வாடிக்கையாளன்.

சம்மதம் கேட்க அறக்கட்டளைக்காரர்கள் வந்த நாளில் நானும் போனேன். துணைக்கு வாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை. தைத்த பேண்டை அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர். தணிந்து பேசுகிற நல்ல மனுஷி. கூட ஒரு பொறியாளர். வீட்டைப் பற்றிய பழைய நினைவுகளைக் கேட்டு வைத்துக்கொள்வதற்காக, வெளியூரிலிருந்து டேப்பக்காவின் தாய்மாமாவையும் வரவழைத்திருந்தார்கள். அம்மாவின் தம்பி. அக்கா போன பிறகு அந்த வீட்டுப் பக்கமே வராதவர்.

கார்க் கதவைத் திறந்து மாமா இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உயரம். கையில் தடி, முதுகில் லேசான கூன். வாசலை நெருங்கியதும் கழுத்து முன்னால் நீண்டது, தோள்கள் ஒடுங்கின, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் டேப்பக்கா. முன்னால் மருமகளும் பின்னால் மாமாவும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரே மாதிரி குனிந்து போனதைப் பார்த்தால் ஏதோ பயிற்சி எடுத்தவர்கள் போலிருந்தது. இந்த வீட்டுக்கு வந்து வந்தே தன் மண்டை வீங்கியது என்று மாமா வழியெல்லாம் அக்கா புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தார். பேராசிரியை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார்.

அடுக்களைக் கோடிக்கு வந்ததும் டேப்பக்கா திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமா குனியவில்லை. முதுகு எவ்வளவு நிமிருமோ அவ்வளவு நிமிர்ந்து உள்ளே நடந்து, கட்டிலில் உட்கார்ந்து, அப்பாடா என்றார்.

இந்த அறையைத்தான் எடுத்துவிடப்போகிறோம் என்று பொறியாளர் விளக்க ஆரம்பித்தார். மாமா காது கேளாதவர்போல அவரையே பார்த்தார்.

"இதையா? நாள் முழுக்க என்னை நிக்க வச்சுக் கட்டின ரூமுங்க இது."

டேப்பக்கா திரும்பினார். யார் நிற்க வைத்தது என்று கேட்டார்.

"உங்கம்மாதான். வேற யாரு?" என்றார் மாமா. "உன் பாதத்தப் பாத்துட்டு அக்கா சொல்லிச்சு, இவ என் தம்பி உயரம் வருவான்னு. ஏழு வயசுல என் அக்கா செருப்பு உனக்குச் சரியா இருந்துச்சு. இந்த வீட்டுல புள்ள ஆயுசுக்கும் குனிஞ்சே நடக்குமேன்னு அத்தானப் புடிச்சுக்கிச்சு. அவரு உக்காந்து ஒரு நிலை செஞ்சாரு. தூக்கி நிறுத்திப் பாத்தா அவரு உயரந்தான் வந்திருக்கு. கழட்டிப் போட்டுட்டு இன்னொண்ணு செஞ்சாரு. அதுவும் அவரு உயரந்தான். கை அதுக்கே பழகிப்போச்சு பாப்பா. அவரு என்ன பண்ணுவாரு?"

ஐம்பது கடந்த பாப்பா அசையாமல் நின்றிருந்தார்.

மிச்சத்தையும் மாமா சொன்னார். கடைசியில் அப்பாவே போய், டேப் வைத்திருக்கும் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தாராம். வாசல் வரும் இடத்தில் மாமாவை நிறுத்தி, தரையிலிருந்து உச்சந்தலை வரை டேப் பிடித்தார்கள். இன்னும் நாலு விரற்கடை சேர்த்து வையுங்கள், பிள்ளை தாராளமாக நடக்கட்டும் என்று அம்மா சொன்னார். வேலை முடியும் வரை அப்பா இந்தப் பக்கமே வரவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, தோற்றுப்போன அந்த இரண்டு நிலைகளையும் அறுத்துப் பெஞ்சாக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் டேப் வந்த கதையை வெளியே விட்டுவிடாதே என்று மைத்துனரிடம் கேட்டுக்கொண்டார். அந்த வெட்கத்துக்குத்தான் திரை.

"என்கிட்டகூடவா மாமா சொல்லக்கூடாது?" டேப்பக்காவின் குரல் உடைந்திருந்தது.

மாமா உண்மையாகவே குழம்பிப்போனார். "உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீதானே இந்த வாசல்ல நடந்துக்கிட்டிருக்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நினைக்கவில்லை. நான் கோபித்துக்கொண்ட அந்தச் செத்த மனிதரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒரு டம்ளருக்கு நாலு நாள் மண் மிதித்தவர், தன் கையை நம்பித் தன் கையிடமே இரண்டு முறை ஏமாந்து, மகளுக்காக வெட்கத்தை விட்டு வேறொருவர் கையைக் கூட்டி வந்திருக்கிறார். வீடு முழுவதும் அவர் உயரம். இந்த அறை ஒன்றுதான் மகளின் உயரம்.

பொறியாளர் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் நின்றார். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்யலாம் என்று பேராசிரியை தணிந்த குரலில் சொன்னார்.

டேப்பக்கா பட்டறைக்குப் போனார். ஒரு பெஞ்சைத் தள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். வாசலில் தொங்கிய திரையைக் கொண்டியிலிருந்து கழற்றி, நாலாக மடித்து, மாமாவின் மடியில் வைத்தார். "இந்த ரூம் இருக்கட்டும் மேடம்" என்றார். "அடுத்த வாரத்துல இருந்து இதையும் காட்டலாம்."

பிறகு வாசலுக்குப் போனார். பழக்க தோஷத்தில் கழுத்து முன்னால் நீண்டது. பாதியில் நின்றார். குதிகால்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, அளவு கொடுக்கும் பிள்ளையைப் போல நிலைக்கு நேர் கீழே நின்றார். கழுத்தில் டேப் தொங்கியது. அதைத் தொடவில்லை. வலது கையைத் தூக்கி, நாலு விரல்களையும் சேர்த்து, உச்சந்தலைக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவில் படுக்கையாகச் செருகினார். கச்சிதமாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.